ரெண்டு மைக் கேட்கும் பாட்டு

இளையராஜாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அஞ்சாவது நிமிஷத்தில் ஒரு சொல் வந்து விழும்: கவுண்டர்பாயிண்ட். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறிய பிறகு இந்தச் சொல்லின் புழக்கம் இன்னும் கூடிவிட்டது. கல்யாணப் பந்தியில், காரில், கோயில் திருவிழா முடிந்து நாற்காலி அடுக்கும் நேரத்தில்கூட யாராவது ஒருத்தர், “அந்தப் பாட்டுல கவுண்டர்பாயிண்ட் கவனிச்சீங்களா?” என்று கேட்பார். எந்த இடத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். “பின்னாடி வயலின் ஒண்ணு போகுதுல்ல, அதான்” என்பார்.

பின்னாடி வயலின் போனால் அது கவுண்டர்பாயிண்ட் ஆகிவிடாது. இந்தச் சொல்லை நாம் ஒரு பதக்கம் மாதிரி ராஜா நெஞ்சில் குத்திவிட்டு, அது எதைக் குறிக்கிறதோ அதைக் கேட்காமலே விட்டுவிட்டோம் என்பது என் வழக்கு. பதக்கம் குத்துவது சுலபம். ரெண்டு குரலை ஒரே நேரத்தில் கேட்பதுதான் கஷ்டம்.

முதலில் சொல்லைச் சுத்தம் செய்துகொள்வோம். லத்தீனில் ‘புள்ளிக்கு எதிரே புள்ளி’ என்பதுதான் மூலப் பொருள். புள்ளி என்றால் எழுதப்பட்ட ஸ்வரம். ஒரு மெட்டு ஓடுகிறது. அதே நேரத்தில் இன்னொரு மெட்டும் ஓடுகிறது. ரெண்டும் தனித்தனியாகப் பாடினாலும் மெட்டாக நிற்க வேண்டும். சேர்த்துப் பாடினாலும் ஒன்றை ஒன்று கெடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு மெட்டுக்குக் கீழே கார்ட் பிடித்தால் அது ஹார்மனி. அங்கே மெட்டு எஜமான், கார்ட் வேலையாள். ஒருத்தர் பாடி முடித்ததும் இன்னொருத்தர் பதில் பாடினால் அது கேள்வி-பதில். நாலு வாத்தியம் அடுக்கடுக்காக ஒலித்தால் அது அடுக்கு. இந்த மூன்றும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் மூன்றுமே கவுண்டர்பாயிண்ட் இல்லை. அங்கே ரெண்டாவது வரிக்கும் சொந்தமாக ஒரு போக்கு, ஒரு எழுச்சி, ஒரு முடிவு இருக்க வேண்டும்.

இதற்கு இலக்கணம் எழுதியவர்களில் பெரிய பெயர் யோகான் யோசப் ஃபுக்ஸ். 1725-இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய ‘கிராடுஸ் அட் பர்னாசும்’ என்ற புத்தகம் குரு-சிஷ்யன் உரையாடலாகவே எழுதப்பட்டது. ஹைடன், மோசார்ட், பேத்தோவன் எல்லாரும் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள். ஃபுக்ஸ் அஞ்சு படி வைக்கிறார். முதல் படியில் ஒரு ஸ்வரத்துக்கு எதிரே ஒரு ஸ்வரம். ரெண்டாவதில் ஒன்றுக்கு ரெண்டு. மூன்றாவதில் ஒன்றுக்கு நாலு. நாலாவதில் ஒரு குரல் வேண்டுமென்றே தாமதித்து, இழுத்துப் பிடித்து, பிறகு இறங்கும். அஞ்சாவதில் இந்த நாலையும் கலந்து தாராளமாக எழுதலாம்.

அவர் கட்டாயமாகத் தடுக்கும் ஒரு காரியம் உண்டு. ரெண்டு குரலும் ‘ச-ப’ இடைவெளியிலோ, கீழ் ‘ச’-மேல் ‘ச’ இடைவெளியிலோ ஜோடியாக ஒரே திசையில் நடக்கக் கூடாது. படிக்கும்போது இது ஏதோ பழைய ஆசாரம் மாதிரித் தெரியும். பொறியியல் படித்தவன் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும். மேல் ‘ச’ என்பது கீழ் ‘ச’-வைப் போல ரெண்டு மடங்கு அதிர்வெண்: 440 என்றால் 880. ‘ப’-வுக்கும் ‘ச’-வுக்கும் விகிதம் 3-க்கு 2. இப்படி எளிய விகிதத்தில் உள்ள ரெண்டு ஒலி சேர்ந்தே நகர்ந்தால், காது அவற்றை ஒரே ஆள் என்று முடிவு செய்துவிடும். ரெண்டாவது குரல் காணாமல் போகும். ஒரே கம்பியில் ரெண்டு சிக்னல் அனுப்புகிறோம் என்றால் மறுமுனையில் பிரித்தெடுக்க ஏதாவது ஒரு வித்தியாசம் வேண்டும்: உயரத்தில், நேரத்தில், அல்லது நிறத்தில். ஃபுக்ஸின் விதிகள் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றும் விதிகள். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கட்டும். ஒன்று நின்றால் இன்னொன்று ஓடட்டும். ரெண்டு பேரும் ஒரே மூச்சில் ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். ரெண்டாவது ஆள் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

நம் சங்கீதத்துக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. கர்நாடக இசையின் உயிர் ஒற்றை வரியில் இருக்கிறது. ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நடக்கிறோம், எங்கே அசைக்கிறோம் என்பதுதான் ராகம். கமகத்தோடு அசையும் ஒரு ஸ்வரத்துக்கு எதிரே இன்னொரு அசையும் ஸ்வரத்தை வைத்தால் ரெண்டும் உரசும். அதனால் நம் ஆட்கள் மேற்கத்திய இசையைச் சந்தித்தபோதும் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முத்துசாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வர சாகித்யங்கள் அதற்குச் சாட்சி. ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். மெட்டு வந்தது, அதோடு கூட ஒலித்த மற்ற குரல்கள் வரவில்லை. வயலின் வந்தது, வயலினுக்கு எதிரே நிற்கும் ரெண்டாவது வயலினின் தனி வரி வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நம் காது எந்தப் பழக்கத்தில் வளர்ந்தது என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த ராஜாவுக்கு இந்த ரெண்டு காதும் இருந்தது. இன்னொரு முக்கியமான விஷயம், அவர் எழுதுகிறவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுத்து வாசிக்க வைப்பவர். கவுண்டர்பாயிண்ட் அடிப்படையில் தாள் வேலை. ரெண்டு வரியையும் கண்ணால் பார்த்து, இந்த இடத்தில் இது ஏறுகிறது, அது இறங்கட்டும் என்று போடும் கணக்கு. ஹார்மோனியத்தில் மெட்டு போட்டு, பிறகு வேறொருவர் இசைக்கோப்பு செய்யும் ஏற்பாட்டில், பாடகருக்குச் சமமாக ஒரு ரெண்டாவது வரி பிறப்பது அபூர்வம். மெட்டும் மறுமெட்டும் ஒரே கையிலிருந்து வந்ததுதான் அவரால் இது முடிந்ததற்குக் காரணம்.

சரி, எங்கே செய்தார்? எல்லாரும் சொல்லும் முதல் உதாரணம், ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தின் ‘என் கண்மணி’. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடியது. பஸ்ஸில் போகும் காதலர்கள். ஒரே பாடகரின் குரல் ரெண்டாகப் பிரிந்து, ஒன்று வெளியே பேச, மற்றது மனசுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி அமைத்த பாட்டு. 1978-இல் தமிழ் சினிமாவில் இது சாதாரணக் காரியமில்லை. ஆனால் கூர்ந்து கேட்டால் இங்கே நடப்பது பெரும்பாலும் இடைவெளி நிரப்பும் விளையாட்டு. ஒரு குரல் ஒரு சின்னச் சொற்றொடரைப் பாடி நிறுத்துகிறது. அந்தச் சந்தில் மற்றக் குரல் புகுந்து வருகிறது. ஓரங்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. நெசவு மாதிரி, ஒரு நூல் மேலே வரும்போது மற்றது கீழே போகிறது. அழகான நெசவு. ஆனால் எதிரெதிரே நிற்கும் ரெண்டு முழு மெட்டு என்று இதைச் சொல்ல மாட்டேன். கவுண்டர்பாயிண்டுக்குப் போகும் வாசல் இது.

வாசலைத் தாண்டி உள்ளே போன பாட்டு ‘பூமாலையே தோள் சேரவா’. படம் ‘பகல் நிலவு’ (1985), மணிரத்னத்தின் முதல் தமிழ்ப் படம். ராஜாவும் எஸ். ஜானகியும் பாடியிருக்கிறார்கள். பல்லவியைக் கேளுங்கள். ஆண் குரல் சொற்களை நீட்டி, நிறுத்தி, பெரிய அடி வைத்து நடக்கிறது. அந்த நீட்டலின் மேலேயே பெண் குரல் குறுகிய அசைகளில் வேகமாக ஓடுகிறது. ஃபுக்ஸ் சொன்ன ‘ஒன்றுக்கு நாலு’ பாடத்தை நினைவுபடுத்தும் அமைப்பு. நேரத்தில் வித்தியாசம், உயரத்தில் வித்தியாசம், நிறத்தில் வித்தியாசம் என்று மூன்றும் இருப்பதால் காது ரெண்டு பேரையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறது. ஜானகியின் வரியை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். அது தனி மெட்டாக நிற்கும். ராஜாவின் வரியை மட்டும் பாடுங்கள், அதுவும் நிற்கும். சோதனை இதுதான், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

இந்தப் பாட்டை எனக்கு முக்கியமாக்கும் காரணம் வேறு. தமிழ் டூயட்டில் ஒரு மரியாதை வழக்கம் உண்டு: ஆண் ஒரு வரி, பெண் ஒரு வரி, ஆண் முதல் சரணம், பெண் ரெண்டாவது சரணம். பெரும்பாலும் அவள் பாடுவது அவன் பாடிய அதே மெட்டு. அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாள். ‘பூமாலையே’ பல்லவியில் அவள் காத்திருக்கவில்லை. அவன் பாடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சொல்ல வேறு சங்கதி இருக்கிறது, சொல்கிறாள். அவனும் நிறுத்தவில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், சண்டை வரவில்லை. ஒருத்தரை ஒருத்தர் அடக்காமல் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை, பாட்டின் சொற்களைவிட அதன் அமைப்பு சொல்லிவிடுகிறது. காதலைப் பற்றிய இந்தப் பார்வை வசனத்தில் வந்திருந்தால் அந்தக் காலத்தில் யாராவது கை வைத்திருப்பார்கள். இசையில் வந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆனால் இது மாதிரி பாட்டு ராஜாவிடமே கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. ஏன்? எனக்குத் தோன்றும் காரணம், வரி. தமிழ் ரசிகனுக்குப் பாட்டு வரி புரிந்தாக வேண்டும். ரெண்டு மெட்டைக் காது தாங்கும். ரெண்டு வாக்கியத்தை மூளை அவ்வளவு சுலபமாகத் தாங்காது. இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே, பல குரல் பின்னிப் பாடினால் வேத வார்த்தை மக்களுக்கு விளங்காமல் போகிறதே என்ற கவலை எழுந்தது. அங்கே வேதம், இங்கே வைரமுத்தும் வாலியும். அதனால் ராஜா தன் ரெண்டாவது குரலை வாயில்லாத ஆட்களிடம் கொடுத்தார்: வயலின், புல்லாங்குழல், எல்லாருக்கும் மேலாக பேஸ் கிடார்.

ராஜாவின் அன்றாடக் கவுண்டர்பாயிண்ட் பேஸ் கிடாரில்தான் நடக்கிறது என்று துணிந்து சொல்வேன். வழக்கமான பேஸ் என்ன செய்யும்? கார்டின் அடி ஸ்வரத்தைத் தட்டி, தாளத்தோடு சேர்ந்து நடக்கும். ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டில் எஸ்.பி.பி.யை ஒரு முறை மறந்துவிட்டு அடியில் போகும் வரியை மட்டும் பின்தொடருங்கள். அது அடி ஸ்வரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அலைகிறது, ஏறுகிறது, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பேசுகிறது. மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, நடுவில் மற்றதெல்லாம். பாக் எழுதிய இசையிலும் மேல் வரியும் கீழ் வரியும்தான் கட்டடத்தின் ரெண்டு சுவர். கர்நாடகச் சிக்கலுக்கும் ராஜா கண்ட வழி இதில் இருக்கிறது: பாடகர் கமகத்தோடு அசையட்டும், கீழே உள்ளவன் அசைக்காமல் நேர் ஸ்வரங்களில் நடக்கட்டும். ஒருத்தர் நெளியும்போது இன்னொருத்தர் நேராக நின்றால் உரசல் குறையும்.

வார்த்தையே இல்லாத இடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ இருக்கிறது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு. வி.எஸ். நரசிம்மனின் வயலின். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய இ மேஜர் பார்ட்டிட்டாவின் முகப்பு ஓட, அதோடு ராஜாவின் வரிகள் சேர்கின்றன. இதை உச்சம் என்று சொல்கிறவர்கள் அதிகம். எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பாக்கின் அந்தத் தனி வயலின் வரி ஒற்றை வரி மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் பல குரலைச் சுமப்பது. மேலும் கீழுமாகத் தாவித் தாவி, ஒரே ஆள் ரெண்டு மூன்று பேராகப் பேசுவான். அப்படி ஏற்கெனவே நிறைந்திருக்கும் வீட்டுக்கு ராஜா விருந்தாளியாகப் போகிறார். தலைப்பு பாக் என் வீட்டுக்கு வந்தார் என்கிறது. எனக்குக் கேட்பது ராஜா பாக் வீட்டுக்குப் போனது. மரியாதையாக உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். ‘பூமாலையே’-வில் இருந்த சமத்துவம் அங்கே இல்லை. மூன்று நிமிஷ சினிமாப் பாட்டு பாக்கின் பெயரைச் சொல்லாமலே பாக்கின் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் படுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சுங்கை பஞ்சாங் வயல்காடு. தெற்கே கோல சிலாங்கூர் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள். ராஜா இங்கே எந்தக் கருவி வழியாக வந்தார் என்பது அவரை எப்படிக் கேட்டோம் என்பதைத் தீர்மானித்தது. கோயில் கூம்பு ஒலிபெருக்கி வழியாக, தோட்ட லயத்து ரேடியோ வழியாக, பழைய லாரியின் கேசட் வழியாக. கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக் குரலை ரெண்டு மைல் கடத்தும். அடி ஒலியை வாசலிலேயே விட்டுவிடும். பேஸ் கிடார் அந்தத் தகரத்தைத் தாண்டி வரவே வராது. ஆக, ரெண்டு மூன்று தலைமுறை ராஜாவின் பாதியைத்தான் கேட்டது. மெட்டு வந்தது, மறுமெட்டு வரவில்லை. தீட்சிதர் காலத்தில் காதின் பழக்கம் செய்த வேலையை இங்கே ஒலிபெருக்கி செய்தது.

இன்றைக்குக் கருவி மாறிவிட்டது. பத்து ரிங்கிட் இயர்ஃபோனில்கூட பேஸ் கேட்கும். பழக்கம் மாறவில்லை. கல்யாண மண்டபத்தில் கராவோக்கே நடக்கும்போது பாருங்கள். ஒரே மைக், கை மாறி கை மாறிப் போகும். ஆண் வரி முடிந்ததும் மைக் பெண்ணிடம், பிறகு திரும்ப ஆணிடம். எந்த டூயட்டும் இப்படி ஓடிவிடும். ‘பூமாலையே’ மட்டும் ஓடாது. யாராவது ஒருத்தர் வரியை விட்டால்தான் பாட்டு நகரும், விடுகிறவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார். அந்தப் பாட்டுக்கு ரெண்டு மைக் வேண்டும்.

நம் மக்களுக்குப் பல அடுக்கு கேட்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. உறுமி மேளத்தின் முன்னால் ஆடுகிற காலுக்கு எல்லாம் தெரியும். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சி தேய்த்து முனகல் இழுக்கும். மறு முகத்தில் அடி விழும். பம்பை தனிக் கணக்கில் வெட்டிக்கொண்டு போகும். ஆடுகிறவர் உடம்பு இதில் ஒன்றை இடுப்பில், இன்னொன்றைக் காலில் வாங்கிக்கொள்ளும். தாளத்தில் நாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மெட்டில்தான் ஒற்றையடிப் பாதை.

மலேசியத் தமிழ் இசையின் பெரிய திருப்பமான யோகி பி - நட்சத்ராவின் ‘வல்லவன்’ (2006) தொகுப்பைக் கொண்டே இதைப் பார்க்கலாம். அதில் வரும் ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ (1980) படத்தில் எஸ்.பி.பி. பாடிய ராஜா பாட்டின் மேல் கட்டியது. எங்கள் தலைமுறைக்கு அது ஒரு விடுதலை. நம் ஊர்க் குரல் ராஜாவின் பக்கத்தில் நின்று பேசியது. ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். பெரும்பாலும் ராஜாவின் மெட்டு வரும்போது ராப் ஒதுங்கி நிற்கிறது. ராப் வரும்போது மெட்டு பின்னால் போய்விடுகிறது. மைக் கை மாறுகிறது. ராப் என்பது பேச்சு வேகத்தில் ஓடும் வரி; நீட்டிப் பாடும் மெட்டுக்கு எதிரே வைக்க அதைவிடப் பொருத்தமான ரெண்டாவது குரல் கிடையாது. ஒன்று நிற்க ஒன்று ஓட, ஃபுக்ஸ் கேட்ட வித்தியாசம் தயாராகவே இருக்கிறது. 1980-இன் மெட்டும் 2006-இன் பேச்சும் ஒரே நேரத்தில், ரெண்டும் முழுசாக ஒலித்திருந்தால், நாம் தமிழ்நாட்டுக்கு எதிரொலி இல்லை, எதிர்வரி என்று அந்தப் பாட்டின் அமைப்பே சொல்லியிருக்கும். அது இன்னும் யாரும் செய்யாத வேலை. நம் இளைஞர்கள் கணினியில் ட்ராக் ட்ராக்காக அடுக்குகிறார்கள். பத்து அடுக்கு இருக்கும், ரெண்டாவது மெட்டு இருக்காது. அடுக்கை மென்பொருள் கொடுத்துவிடும். ரெண்டாவது மெட்டை ஆள்தான் எழுத வேண்டும்.

ராஜா ரசிகர்களோடு எனக்கு இருக்கும் வழக்கும் இங்கேதான் முடிகிறது. அவரை மேதை என்று சொல்ல லண்டன் மேடையோ லத்தீன் சொல்லோ தேவையில்லை. அவர் நமக்குக் கற்றுக்கொடுக்க முயன்றது ஒரு வகையான கவனிப்பு: முன்னால் நிற்பவர் பேசும்போதே பின்னால் இன்னொருத்தர் முழு வாக்கியம் பேசுகிறார், அவரையும் கேள். வீட்டில், கூட்டத்தில், சங்கத்தில் நாம் கடைப்பிடிக்காத பழக்கம் இது. மைக் வைத்திருப்பவரே பேசுவார், மற்றவர் பேசினால் இடையூறு. இப்படி வளர்ந்த காதுக்கு ரெண்டாவது வரி எப்போதும் ‘பின்னாடி போகிற வயலின்’தான்.

அடுத்த முறை யாராவது “கவுண்டர்பாயிண்ட் கவனிச்சீங்களா?” என்று கேட்டால், மறுக்க வேண்டாம். “சரி, அந்த ரெண்டாவது வரியைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க” என்று கேளுங்கள். பாடினால் அவர் கேட்டிருக்கிறார். பாடாவிட்டால், ரெண்டு பேருமாகச் சேர்ந்து முதலிலிருந்து கேட்கலாம். நீங்கள் மேல் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் கீழ் வரியை.